சேப்பாக்கத்தில் ஒரு கரவொலி

1982 செப்டெம்பரில் தலைமன்னாரிற் கப்பலேறிய அத்தம்பதியர்க்கு அதுவே முதற் கடற்பயணம். மனைவியின் நாட்டம் சிதம்பரம். கணவனதோ, இலங்கை அணி இந்திய மண்ணில் ஆடவிருந்த முதலாவது டெஸ்ட் போட்டி. சிதம்பரத்தில் இரு நாள்கள் அவள் பின்னே பொறுமையோடு நடந்தான். பொறுமை என்பது அவன் கூற்று.

சேப்பாக்கத்தில் துலீப் மென்டிஸ் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்களே பெற்றார். இரண்டாவது சதத்தின்போது கணவன் எழுந்து கைதட்டினான். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்த முதியவர் வியப்புற்றார்.

"தமிழரா இருந்தும் அவருக்கா தட்டுறீங்க?"

அவன் விடை தேடினான். துடுப்பாட்டம் அறியாத அவளே முந்தினாள்: "அவர் எங்கட நாட்டுக்காரர், ஐயா."

முதியவரும் கைதட்டினார்.

1983 யூலையில் அவ்விடையை அவன் மீண்டும் எண்ண நேர்ந்தது. அவளிடம் அதுபற்றி அவன் கேட்கவில்லை.