மொய்க் கணக்கும் ரிச்சி தெருவும்

"லேப்டாப் போனா போகட்டும்ங்க... அதுக்குள்ள இருந்த மொய் லிஸ்ட் என்ன ஆச்சு?"

இது என் மனைவியின் கவலை. நியாயம்தானே ஸார்? ஆவணி பிறந்தால் வாரத்துக்கு ரெண்டு பத்திரிகை வருகிறது. யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் மண்டபத்தில் போய் நிற்க முடியுமா?

தங்கை கல்யாணம் 2013-ல். மொய் நோட்டு அப்பாவின் பொறுப்பு. "கம்ப்யூட்டர்ல ஏத்திடுடா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க உட்கார்ந்தார். அவர் வேகத்துக்கு என்னால் டைப் அடிக்க முடியவில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டு அப்புறம் நிதானமாக அடித்தேன். அந்தப் பதிவுகளையும் லேப்டாப்பிலேயே போட்டு வைத்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்டு கூழாகிப் போனது. அப்பா 2019-ல் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது லேப்டாப். அதுவும் போன மாதம் டீப்பாயிலிருந்து குட்டிக்கரணம் அடித்தது.

"மதர்போர்டு அவுட். புதுசு வாங்கிடுங்க" என்றார்கள் பக்கத்துக் கடையில். என் மச்சினனோ, "ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி பாலிதீன் கவர்ல சுத்தி ஃப்ரீஸர்ல வைங்க மாமா, சரியாயிடும்" என்றான். வைத்தேன்! அரை மணியில், பச்சைப் பட்டாணி பாக்கெட்டுக்கு அடியில் என் மனைவி அதைக் கண்டுபிடித்தாள். அப்புறம் நடந்தது குடும்ப விவகாரம், விட்டுவிடலாம்.

மறுநாள் லீவு போட்டேன். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எலெக்ட்ரிக் ரயில், அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம். மேலே ஏறி அண்ணா சாலையை ஒட்டிக் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. தெரு என்றுதான் பெயர். உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பல சந்துகள் பின்னிக் கிடக்கிற பேட்டை அது. ஒரு காலத்தில் ரேடியோ பார்ட்ஸுக்குப் பேர் போன இடம். காலெடுத்து வைத்ததுமே, "என்ன ஸார் பாக்கறீங்க? லேப்டாப்பா? கேமராவா?" என்று நாலு பக்கமும் குரல்கள். பிளாட்பாரத்தில் கொத்துக் கொத்தாக ரிமோட்டுகள், கீரைக்கட்டு மாதிரி சார்ஜர் வயர்கள். டி.வி. அட்டைப் பெட்டிகளை மலையாக அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று "ஓரம், ஓரம்" என்று முதுகில் முட்டுகிறது. (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும்.)

விசாரித்து விசாரித்து ஒரு மாடிப்படி ஏறினேன். ரெண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறை. இருபத்தைந்து வயசுப் பையன். டிஸ்க்கை ஒரு வயரில் மாட்டி, காதருகே வைத்துக் கேட்டான். டிக்... டிக்... சட்டென்று பிடுங்கிவிட்டான்.

"எத்தனை தடவை ஆன் பண்ணிப் பார்த்தீங்க?"

"ஒரு... பத்துப் பன்னண்டு தடவை."

"வேற என்ன பண்ணீங்க?"

ஃப்ரீஸர் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உள்ள ஈரம் கோத்துக்கும் ஸார்! உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துது. படிக்கிற முனை தட்டைத் தொடாம மிதக்கணும். நடுவுல இருக்கிற இடைவெளி தலைமுடித் தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராது. கீழே விழுந்ததுல அது ஆட்டம் கண்டிருக்கு. ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் உரசுறதுக்கு வாய்ப்பு கொடுக்கறீங்க."

அப்படியே காப்பி செய்யக் கூடாதாம். முதலில் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டுமாம். படிக்க முடிகிற இடங்களை முதலில், முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசியில். அப்புறம் நகலிலிருந்துதான் ஃபைல்களைத் தேடுவது. "இதுக்கும் அசையலைன்னா தூசியில்லாத லேப்ல பிரிச்சுத்தான் பாக்கணும். செலவு அதிகம். மூடியை மட்டும் நீங்க திறந்துடாதீங்க" என்றான். கிடைத்தால் 2,500 ரூபாய், கிடைக்காவிட்டால் காசு வேண்டாம்.

டிஸ்க்கை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பான் கார்டு, பேங்க் விவரம் எல்லாம் அதில்தானே இருக்கிறது! "இங்கேயே உட்காருங்க ஸார்" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினான். உட்கார்ந்தேன். டீ குடிக்க மட்டும் கீழே இறங்கினேன். டீக்கடையில் என்னைப் போலவே ஒருவர், செத்துப்போன லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். "ஆபீஸ் ஃபைலா?" என்றேன். "கல்யாண போட்டோ" என்றார். அதற்கு மேல் ரெண்டு பேரும் பேசவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் கூப்பிட்டான். "எக்ஸெல் ஃபைல் உடைஞ்சு போச்சு ஸார், திறக்கலை. வாய்ஸ் ஃபைல் பதினாலுல பதினொண்ணு வந்திருக்கு."

பென் டிரைவிலும் செல்போனிலும் ஏற்றி வாங்கிக்கொண்டு மெட்ரோவில் உட்கார்ந்தேன். இயர்போனை மாட்டினேன். ஃபேன் சத்தம், பின்னால் குக்கர் விசில், நோட்டைப் புரட்டுகிற சரசரப்பு. அப்புறம் அப்பா.

"மேலத்தெரு சம்பந்தி வீடு, ஆயிரத்தி ஒண்ணு. கணக்கு வாத்தியார், நூத்தி ஒண்ணு, பாவம் ரிட்டயர்டு மனுஷன். எழுதிட்டியாடா?"

"எழுதிட்டேன்பா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து ஸீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அரை மணி நேரம் டைப் அடிக்கிறேன். ஐந்து ஃபைல் முடிந்திருக்கிறது. காணாமல் போன மூன்று ஃபைல்களில் யார் யார் இருந்தார்களோ? "பேர் இல்லாதவங்களுக்கெல்லாம் ஐநூத்தி ஒண்ணு வெச்சிடலாம்" என்பது வீட்டம்மா தீர்ப்பு.