ஃபியூ, எ ஃபியூ, சொச்சம்

சாதாரண தரம் படிக்கேக்க எங்களை நல்லா அலைக்கழிச்ச ஒரு ஆங்கிலச் சொல் 'ஃபியூ'. கிளிநொச்சியில, தகரக் கொட்டிலுக்குள்ள நடந்த ரியூசன் வகுப்பு. ரீச்சர் கரும்பலகையில ரெண்டு வசனம் எழுதினா. ஒண்டு, 'ஃபியூ பீப்பிள் கேம்'. மற்றது, 'எ ஃபியூ பீப்பிள் கேம்'. நாங்கள் ரெண்டுக்கும் ஒரே குரலில 'சிலர் வந்தார்கள்' எண்டு சொன்னம்.

"அப்ப அந்த 'எ' என்னத்துக்கு?" எண்டு கேட்டா. ஒருத்தருக்கும் தெரியேல்ல.

விசயம் இதுதான். 'எ ஃபியூ' எண்டால் சிலர் வந்திருக்கினம், ஆளில்லாமல் இல்லை. வெறும் 'ஃபியூ' எண்டால் எதிர்பார்த்த அளவு ஆக்கள் வரேல்ல. வந்தது அதே ஐஞ்சு பேராயும் இருக்கலாம். மாறுறது சொல்லுறவரின்ர மனம். தமிழில இந்த வேலையை 'தான்' செய்யுது: 'சிலர் வந்தவை', 'சிலர்தான் வந்தவை'. 'குவைட் எ ஃபியூ' எண்டாலோ கனபேர்! இன்னொரு விதியும் இருக்கு. எண்ணக்கூடியவைக்கு மட்டும்தான் 'ஃபியூ'. தண்ணி, சீனி, மா போல அளக்கிறதுகளுக்கு 'லிட்டில்'. மனிசர் எப்பவும் எண்ணக்கூடியவையின்ர பக்கம்.

அந்தக் கடைசி விதியைப் பரீட்சைக்குப் பாடமாக்கினம். விளங்கினது பிறகுதான்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகொரு நாள் அந்தப் பக்கத்தால போகேக்க, "இண்டைக்குக் கொஞ்சப் பேர்தான் இருக்கினம்" எண்டு எங்களுக்குள்ள கதைச்சம். ஒரு அம்மாவுக்குக் கேட்டுட்டுது. "பதினொரு பேர் இருக்கிறம் பிள்ளையள். மூண்டு பேர் கிளினிக்குக்குப் போட்டினம்" எண்டு சொன்னா. கோபமில்லை. எண்ணித்தான் சொன்னா.

2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள், கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். போர் முடிந்தபோது அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா.வின் கணக்கின்படி 282,380 பேர். மிச்சம் 146,679 பேர். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அதே வருடம் வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, இறுதிக்கட்டத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. 'வரை' எண்டது ஒரு எல்லை. எண்ணிக்கை இல்லை.

நாங்களும் லேசுப்பட்ட ஆக்களில்லை. ஒவ்வொரு மே மாதமும் எழுதேக்க, கதைக்கேக்க 'ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம்' எண்டு சொல்லிப் பழகீட்டம். வாய்க்குச் சுகம். ஆனால் அந்தச் சொச்சத்துக்குள்ள இருக்கிறது 679 பேர். எங்கட பள்ளிக்கூடம் முழுக்க எண்ணினாலும் அவ்வளவு பேர் இல்லை. மற்றவை குறைச்சுச் சொல்லுகினம் எண்டு கோபப்படுற நாங்களே, ஒரு சொல்லால 679 பேரை மாவும் சீனியும் போல அளந்து விட்டிட்டம்.

இனி எங்கட எழுத்தில 'சொச்சம்' போடுறேல்ல எண்டு முடிவெடுத்திருக்கிறம். வாசிக்கிற உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறம். உங்கட ஒழுங்கையில, உங்கட குடும்பத்தில, திரும்பி வராத ஒருத்தரின்ர பேரையாவது, வயதோட, கடைசியாக் கண்ட இடத்தோட ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. ஒண்டில இருந்துதான் எண்ணத் தொடங்கலாம்.