பெண் கொடுத்த வழி

தோணிரேவில் அக்காவின் படகுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் குந்தவை நினைவுக்கு வருகிறாள். வந்தியத்தேவன் மனைவி அல்ல. அந்த அத்தையின் பெயரைச் சுமந்த, ராஜராஜனின் மகள்.

கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வேங்கியில் சோழர் தயவில் அரியணை ஏறியவன் சக்திவர்மன். அவன் தம்பி விமலாதித்தனுக்கு இவளைக் கொடுத்தார்கள். இவள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திரன் மகள் அம்மங்கை. அவள் பெற்ற பிள்ளை 1070இல் குலோத்துங்கனாகச் சோழ அரியணையில் அமர்ந்தான். சரித்திரத்துக்குக் கணக்கு நேராகிவிட்டது.

அக்காவை ஏரியின் வடகரையில், ஆந்திரப் பக்கம் கொடுத்தோம். இரண்டு ஊருக்கும் வலை போடுவதில் இருந்த தகராறு சம்பந்தத்துக்குப் பிறகு தணிந்தது. அப்பாவுக்கு அதில் பெருமை. நானும் தலையாட்டியவன்தான். முதல் தடவை வந்தபோது அக்கா சொன்னாள்: "திட்டுறது புரிஞ்சிடுதுடா. கொஞ்சறதுதான் புரியல."

குந்தவை மகன் சபையில்தான் நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். அந்த மகனை அவள் எந்த மொழியில் தாலாட்டினாள்? செப்பேடுகளுக்கு அது அவசியப்படவில்லை. எனக்கும் வெகுநாள் அவசியப்படவில்லை.

படகு நெருங்கியது. அக்கா மகன் "மாமய்யா" என்று கூப்பிட்டான். அக்கா திருத்தவில்லை.