தூத்துக்குடியில் ரோட்டைக் கடக்க எத்தனை விநாடி வேண்டும்?

தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, மக்ரூன் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள், ஒருமுறை இந்த ஊரை நடந்தே சுற்றிப் பார்க்க வேண்டும். பனிமய மாதா பேராலயத்தில் தொடங்கலாம். பீச் ரோட்டில் காலைக் கடல்காற்று சுகம். பழைய துறைமுகத்தில் தோணிகளைப் பார்க்கலாம். ஜூலை 26-ல் மாதா கோயிலில் கொடி ஏறிவிட்டால், ஆகஸ்ட் 5 வரை இந்தப் பக்கம் நடப்பவர்கள்தான் ராஜா. வண்டிகள் ஒதுங்கிப் போகும்.

மற்ற நாள்களில் தலைகீழ். பாளை ரோட்டில் பஸ், ஷேர் ஆட்டோ, பைக் எல்லாவற்றுக்கும் இடையில் கையைக் காட்டிக்கொண்டேதான் கடக்க வேண்டும். ஊரின் தெற்கே, துறைமுக லாரிகள் ஓடும் திருச்செந்தூர் சாலை இன்னும் மோசம். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இது லாரிகளின் ஊர். கன்டெய்னர், நிலக்கரி, உப்பு லாரிகள் ஒருபக்கம். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் முருகனைப் பார்க்க பச்சை வேட்டியோடு நடந்துபோகும் பக்தர்கள் இன்னொரு பக்கம். கன்டெய்னர் லாரியில் டிரைவர் சீட் உயரம். வண்டி மூக்குக்கு நேர் கீழே நிற்பவர் அவர் கண்ணிலேயே படமாட்டார்.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில்தான், 'நடைபாதை என்பது வாழும் உரிமையின் ஒரு பகுதி' என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்ய உத்தரவிட்டது. ஆனால், அது 10 லட்சம் மக்கள்தொகையைத் தாண்டிய 50 நகரங்களுக்கு. தூத்துக்குடி அந்தக் கணக்கில் வராது. லாரிக்கு மட்டும் மக்கள்தொகை கணக்கு தெரியுமா என்ன!

ஆக, நாமே கேட்டு வாங்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் சிக்கல். நடைமேம்பாலம் கேட்காதீர்கள் என்பேன். மீன்கூடையோடு வரும் அம்மாவும் மூட்டுவலி தாத்தாவும் படியேற மாட்டார்கள், கீழேதான் ஓடுவார்கள். தரையிலேயே கடக்க வழி வேண்டும். பொதுவாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்து சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவார்கள். 14 மீட்டர் அகல நான்குவழிச் சாலைக்கு 12 விநாடி. மெதுவாக நடப்பவருக்கு 18 வரை ஆகும். அந்த நேரம் முழுக்க நடப்பவருக்குத் தனிப் பச்சை விளக்கு, மீடியனில் நின்று மூச்சுவிட ஓர் இடம், ஸீப்ரா கோட்டுக்குச் சில மீட்டர் முன்பே லாரி நிற்க வேண்டிய கோடு... இவ்வளவுதான். கூடவே, இடதுபக்கம் திரும்பும் வண்டியும் நின்றுதான் போக வேண்டும்.

மனுவில் அந்தச் சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அது மேஜை மேஜையாகச் சுற்றும். இடத்தின் போட்டோவையும், எந்த நேரத்தில் நெரிசல் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், திங்கள்கிழமை. தெருவுக்கு நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.