ஆறு மணி நேரம்

பிறருக்கு உபதேசம் செய்வதில் உபாத்தியாயர்களுக்கு நிகர் யாருமில்லை. ஆய்க்குடியில் நாமும் அந்தத் தொழிலை இருபது வருஷங்களாகச் செய்து வருகிறோம். ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தானப் பக்ஷம் வருகிறதல்லவா? அப்பொழுது வகுப்பில் நாம் பிரசங்கம் செய்யாத வருஷமே கிடையாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்துவிட வேண்டும். ஒருவருடைய கண்களால் இருவர் பார்வை பெறலாம். முதியவரும், மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் கொடுக்கலாம் என்றெல்லாம் சொல்வோம். கண்ணப்பர் கதையும் உண்டு. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

சென்ற ஐப்பசியில் நம் கல்லூரித் தோழர் ஒருவர் வந்திருந்தார். பூர்வீகம் பக்கத்துக் கடையநல்லூர். இப்போது சிங்கப்பூர்ப் பிரஜை. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்கே குடியேறியிருப்பது இப்பக்கத்தார் அறிந்த விஷயம். திண்ணையில் காப்பி அருந்துகையில் பேச்சு உறுப்பு தானத்துக்குத் திரும்பியது. நாம் சற்றுக் குறும்பாக, "உங்களவர்கள் இதற்கு லேசில் இசைய மாட்டார்களாமே?" என்று கேட்டு வைத்தோம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 1987-ல் சிங்கப்பூரில் ஒரு சட்டம் வந்தது. உயிரோடிருக்கையில் ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுக்காவிட்டால், விபத்தில் இறந்தபின் அவருடைய சிறுநீரகத்தை எடுத்துப் பிறருக்குப் பொருத்தலாம் என்பது அதன் சாரம். முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு. விரும்பியவர் தாமே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடாதவர், தமக்கு உறுப்பு வேண்டி வந்தால் வரிசையில் பின்னே நிற்க வேண்டும். 1973-ல் கூடாதென்று தீர்ப்புச் சொன்ன அந்நாட்டு இஸ்லாமிய மன்றமே 1986-ல் சிறுநீரக தானம் ஆகுமென்றது. 2007-ல் பொதுச் சட்டத்துக்கும் இசைந்தது. 2008 ஆகஸ்டில் விலக்கு நீங்கியது.

"முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று, வாத்தியாரே! மையித்து முழுசாக மண்ணுக்குப் போக வேண்டுமென்று என் உம்மா அழுதார்கள். அடுத்த வீட்டுப் பெண் வாரம் மூன்று முறை இரத்தம் சுத்தி செய்துகொள்ளப் போவதைப் பார்த்த பிறகு அவர்களே சரியென்று விட்டார்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவர்களும் போகவில்லை, நானும் போகவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?"

நமக்குக் காப்பி தொண்டையில் நின்றது.

அதே 2008-ஆம் வருஷம் செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை வைத்தியர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் சென்னை வீதிகளைப் பதினொரு நிமிஷத்தில் கடந்து ஒரு சிறுமியைச் சேர்ந்தது. அதைப் படித்துக் கண்ணீர் விட்ட வீடுகளில் நம் வீடும் ஒன்று. நம் தாயார் அதற்குப் பிறகு கண்புரை சிகிச்சை செய்துகொண்டு வந்தபோது, "எனக்கப்புறம் இந்தக் கண்ணை யாருக்காவது கொடுத்திருடா" என்று சொன்னதுமுண்டு. கண்ணப்பர் கதையை நமக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

2019 பங்குனியில், விடியற்காலை நான்கு மணிக்கு அவள் போய்விட்டாள். கண் வங்கியின் எண் நம் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பேச வாயைத் திறந்தோம். அத்தை, "ஏலே, கண்ணில்லாம அனுப்பினா அடுத்த ஜென்மத்துல எங்க மதினி குருடாப் பொறக்கவா?" என்று ஓலமிட்டாள். கூடியிருந்த பந்துக்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பட்டதாரியான நாமும் பேசவில்லை! தாயாரின் வார்த்தையைச் சபையில் எடுத்துச் சொல்லக்கூட நமக்கு நாவெழவில்லை. சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து அடித்தது. மத்தியானம் அனுமன் நதிக் கரையில் அந்தக் கண்களும் சாம்பலாயின.

தோழரிடம் இதைச் சொல்லி முடித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அத்தைதான், "கடையநல்லூர்த் தம்பிக்குக் காப்பி ஆறிப்போச்சே" என்றாள்.

அவர் ஊர் திரும்பிய வாரமே நாம் கண்ணுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சம்மதப் பத்திரம் எழுதினோம். நம் தேசத்தில் நாம் எழுதி வைத்தாலும், கடைசியில் தலையசைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். ஆகவே மனையாளிடம் நீட்டினோம். வாங்கி இருமுறை படித்தாள்.

"நான் போடுறது இருக்கட்டும். அன்னைக்கு உங்களை மாதிரி நம்ம பையனும் வாயைத் திறக்காம நின்னா?" என்றாள்.

பத்திரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பையன் தீபாவளிக்கு வருகிறான்.