ஆவாரைக்குத் தண்ணீர்

ஆவாரைக்குப் போய் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று பேரிகையில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. ரோஜாவுக்குப் பெயர் போன வட்டாரம் இது. பிப்ரவரி 14-ஆம் தேதியைக் குறி வைத்து, பசுமைக் குடில்களில் விளைந்த பூ விமானம் ஏறுகிறது. அதன் நடுவில் ஒருவன் சாலையோரத்துச் செடிக்குப் பாத்தி கட்டினால் கேட்கத்தானே செய்வார்கள்?

தண்ணீர் ஊற்றியது முதல் வருஷம் மட்டுந்தான். விதையின் தோல் கெட்டி. வெந்நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். ஆணிவேர் ஆழ ஓடுகிற ஜாதி. பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். இங்கே தெலுங்கு பேசுகிறவர்கள் இதைத் தங்கேடு என்பார்கள். 2014-ல் பிறந்த தெலங்கானா இதையே மாநிலப் பூவாக வைத்துக்கொண்டது. குறிஞ்சிப்பாட்டின் பூவரிசையிலும் ஆவிரை உண்டு. நாமோ தோல் பதனிடப் பட்டையை உரித்தோம். பொங்கல் காப்புக்கு ஒரு கொத்து ஒடிக்கிறோம். அத்தோடு சரி.

பூவில் தேன் கிடையாது. ஆனாலும் கருவண்டு வரும். மகரந்தப் பையின் நுனியில் ஊசித் துளை போல ஒரு வாய். வண்டு பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். பறக்கும்போது எழுகிற ஓசையைவிட அந்த ரீங்காரத்துக்கு ஸ்தாயி அதிகம். எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் அதில் போய்விடுகிறது.

வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று தளிரில் முட்டை வைக்கும். புழு பச்சையாக நடுநரம்போடு படுத்திருக்கும். இலை போன பிறகுதான் அது வந்ததே தெரியும்.

பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதர். "சார், புழு விழுந்துடுச்சு. மருந்து மிச்சம் இருக்குது, ஒரு தடவை அடிச்சுடறேன்" என்று தெளிப்பானோடு வந்துவிட்டார். புழுவுக்காகத்தான் செடியே வைத்தேன் என்றேன். சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று என் மனைவியிடம் தனியாக விசாரித்தாராம்.

அவர் அடிக்கிற மருந்து மேல்காற்றில் இந்தப் பக்கமும் வருகிறது. இலைப்பேன் விழுந்தால் அவருக்கு அந்த வாரத்துப் பூ போயிற்று, கடன் நிற்கிறது. எனக்குப் போவது நாலு புழு. எந்த வாயால் நியாயம் கேட்பது? காற்று ஓய்ந்த வேளையில் அடிப்பதாக அவராகவே சொன்னார். நான் வேலியோரம் மறைப்புக்கு நொச்சி ஊன்றினேன்.

போன வாரம் அவர் பையன் வந்து, பட்டுநூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு காம்பில் தொங்கிய கூட்டுப்புழுக்களை எண்ணினான். வீட்டுப் பக்கத்துச் செடிகளில் 11. வேலியோரத்துச் செடிகளில் ஒன்றுகூட இல்லை.