பெட்ரோல் எந்த வழியாக வருகிறது?

கார்புரேட்டர் வேலை குத்துமதிப்பு வேலை என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் பையன்கள்தான் சொல்கிறார்கள் என்றால் விட்டுவிடலாம். பழைய வண்டியை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்களும் அதையே சொல்லும்போது வயிறு எரிகிறது. பிளக்கைக் கழற்றுகிறான், கறுப்பைப் பார்க்கிறான், உடனே மிக்சர் ஸ்குரூவில் ஸ்குரூடிரைவரை வைக்கிறான். அவன் செய்வது குத்துமதிப்பு. அதற்காகத் தொழிலையே பழிப்பது என்ன நியாயம்?

வண்டி ரிச்சாக ஓடுகிறது என்றால் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. அது எந்த வழியாகப் போகிறது என்று பிடிப்பதுதான் வேலை. புகை எப்போது வருகிறது என்று சரியாகக் கேட்டாலே பாதி வழிகளைத் தள்ளிவிடலாம். ஐடிலிங்கில் மட்டும் என்றால் பைலட், இல்லையென்றால் ஸ்டார்ட்டர். வேகமெடுத்த பிறகு என்றால் மெயின் ஜெட், ஏர் கரெக்டர். எல்லா நேரமும் என்றால் ஃபுளோட் மட்டம், நீடில் வால்வு, பம்ப். இதற்கெல்லாம் முன்னால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். பாயின்ட் கருகி, கண்டென்சர் பலவீனமாகி, பொறி மஞ்சளாக நொண்டினால் சரியான கலவைகூட முழுசாக எரியாது. பிளக்கில் கரிதான் படியும். பாயின்டைப் பார்க்காமல் கார்புரேட்டர் மூடியில் கை வைத்தவனை எங்கள் மேஸ்திரி அன்றைக்கு முழுக்க வேலையில் சேர்க்க மாட்டார்.

மேஸ்திரி புதுப்பேட்டைக்காரர். படிப்பு அதிகமில்லை. ஆனால் ஒரு வண்டி வந்து நின்றால் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். சைலன்சர் வாயில் விரலைவிட்டுத் தேய்ப்பார். கரி காய்ந்த பொடியாக வந்தால் பெட்ரோல், பிசுபிசுத்தால் ஆயில். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கருகே கொண்டுபோவார். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டி ரொம்ப நாளாகவே இப்படி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆயிலை மாற்றாமல் அடுத்த பேச்சே கிடையாது. ஓட்டி வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க சார் புகை வருது, சிக்னல்லயா, ஹைவேயிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். பதில் தெரியாதவரை வண்டியோடு அனுப்பிவிட்டு, பார்த்துவிட்டு வரச் சொல்வார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் கவலைப்பட்டதில்லை.

அவரிடம் வந்த ஒரு பத்மினி காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிக்னலில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தாம்பரம் தாண்டிவிட்டால் சுத்தமாக ஓடும். அதற்கு முன் பார்த்த பட்டறையில் நீடில் வால்வு, ஃபுளோட், பிளக், டயாஃப்ரம் எல்லாம் புதுசு போட்டுப் பில் கொடுத்திருந்தார்கள். புகை மட்டும் நிற்கவில்லை.

மேஸ்திரி இன்ஜினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பார்க்கச் சொன்னார். மெயின் நாசிலில் சொட்டு இல்லை, உலர்ந்திருந்தது. ஃபுளோட் மட்டம் ஏறியிருந்தால் நின்ற பிறகும் அங்கே சொட்டும். அந்த வழி முடிந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் மிக்சர் ஸ்குரூவை மெல்ல முழுசாக உள்ளே திருகினார். இன்ஜின் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஓட்டம் கொஞ்சம் சீராகக்கூட ஆனது. பைலட்டை அடைத்த பிறகும் ஓடுகிறது என்றால் வேறு எங்கிருந்தோ அதற்குத் தீனி வருகிறது. த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை.

பத்மினியின் சோலெக்ஸில் சோக்குக்கு மேலே மூடும் தகடு கிடையாது. பக்கவாட்டில் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்ன வீடு. அதற்குள் ஒரு வட்டத் தகடு. கேபிளை இழுத்தால் தகடு திரும்பித் துளைகள் நேர்ப்படும். ஸ்டார்ட்டர் ஜெட் வழியாகப் பெட்ரோல் தனியாகக் கிளம்பி த்ராட்டிலுக்குக் கீழே இறங்கும். ஐடிலிங்கில் வேக்குவம் அதிகமாக இருப்பது அங்கேதான். மேஸ்திரி கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைக் கையாலேயே மூடும் பக்கம் கடைசிவரை தள்ளிப் பிடித்தார். அப்போதும் புகை. மூடியைத் திறந்து தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். முகத்தில் ஒரு கீறல், நகத்தில் மாட்டும் ஆழத்துக்கு, ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரைக்கும். குழாயில் வாஷர் தேய்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுமே, அதே கதை. வேகத்தில் த்ராட்டில் திறந்து வேக்குவம் குறைந்ததும் ஒழுகலும் குறைந்துவிடும். அதனால்தான் தாம்பரம் தாண்டினால் சுத்தம்.

கண்ணாடித் தகட்டின்மேல் நைஸ் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றி அந்தத் தகட்டைத் தேய்த்தார். நடுவில் துடைத்து, நீல மையைப் பூசி, பதித்துப் பார்ப்பார். மை முழு வட்டமாக ஒட்டும்வரை விடவில்லை. பொருள் எதுவும் வாங்கவில்லை. வண்டி சிக்னலில் வாடையில்லாமல் நின்றது.

இன்றைக்கு அதே வண்டி வந்தால், "இந்தக் கார்புரேட்டர் போச்சு சார், காப்பி ஒண்ணு கிடைக்குது, மாத்திடலாம்" என்பார்கள். அந்தக் காப்பியில் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்ப முடியாது. நல்ல ஜெட்டையும் கெடுப்பது வேறு கொடுமை: அடைத்திருக்கிறது என்று செம்புக் கம்பியும் குண்டூசியும் விட்டுக் குத்துகிறார்கள். 120 என்று போட்டிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். குத்திக் குத்தி அது 1.25 ஆனால் துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, பிளக்குக்குத் தெரியும். காற்றால் ஊதினால் போக வேண்டியது அது. இன்னும் சிலர் மெக்கானிக்கல் பம்பைத் தூக்கி எறிந்துவிட்டு ஏதோ ஒரு மின்சார பம்பை மாட்டிக் கொடுக்கிறார்கள். 0.2, 0.3 பாருக்குச் செய்த நீடில் வால்வு அதற்கு மேல் எப்படித் தாங்கும்? தூக்கிக்கொண்டு ஒழுகுகிறது. பழி கார்புரேட்டருக்கு.

இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் இதே அவசரம்தான். பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஸ்கேனர் பி0172 காட்டினால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். கலவை ரிச் என்று அந்தக் கோடு சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. கோடு லீன் என்று வந்தாலும் அப்படியே நம்ப முடியாது: சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், சென்சார் லீன் என்று பொய் சொல்லும், ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கும் வண்டியில் அதன் வேக்குவம் ஹோஸை ஒருமுறை கழற்றி முகர்ந்தால் டயாஃப்ரம் கிழிந்தது தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம், நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றி வீசும் பழக்கம். வீசிவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு ஏறாது. ஈ.சி.யு. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் மைலேஜ் இல்லை என்று அழுவார். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புகைச் சோதனைக்குப் போகும்போது ஸ்குரூவை உள்ளே திருகி, சான்றிதழ் வாங்கியதும் வெளியே திருகிவிடும் வித்தையும் நடக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. மெயின் ஜெட் பெருத்திருந்தாலும் ஐடிலிங்கில் அது தெரியப்போவதில்லை. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கறுப்புப் புகையோடு போகும் அம்பாசடரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது புதிதாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதனால்தான் ரிச் ஓடுகிறது என்று கை விரிக்கிறார்கள். எத்தனாலில் ஆக்சிஜன் சேர்ந்தே இருக்கிறது. அதே ஜெட்டில் கலவை லீன் பக்கம்தான் சாயும். பிறகும் ரிச் ஓடினால், பழைய டேங்கில் படிந்திருந்த பிசினை அது கரைத்து, துருவையும் சேர்த்துக் கொண்டுவந்து நீடில் வால்வின் சீட்டில் உட்கார வைத்திருக்கலாம். அல்லது வால்வின் ரப்பர் முனை ஊதியிருக்கலாம். டேங்கைக் கழுவுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் முனையுள்ள வால்வைச் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். அம்பாசடரில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது.